வீட்டு ஆமைக்கு வருத்தமா, வயதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆமை என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, குட்டியாகக் கடையில் வாங்கி மீன் தொட்டியில் விட்ட சிவப்புக்காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது, தண்ணீரில் வாழும். மற்றது, முற்றத்தில் மேயும் நட்சத்திர ஆமை. அது எங்கள் வரண்ட வலயத்தில் இயற்கையாக வாழும் நிலத்து ஆமை. (இதை வீட்டில் வைத்திருப்பது பற்றிய சட்டம் கீழே இருக்கிறது, அதையும் கட்டாயம் வாசியுங்கள்.) இந்த இரண்டையும் மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஆமை எந்த நேரமும் சும்மாதானே கிடக்கிறது. அதற்கு வருத்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாய்க்கு வருத்தம் வந்தால் அன்றைக்கே தெரியும். ஆமை அப்படியில்லை. காட்டில் பலவீனத்தைக் காட்டும் பிராணி இரையாகிவிடும் என்பதால் முடிந்தவரை மறைத்துக்கொண்டே இருக்கும். அதன் உடலும் மெதுவாகத்தான் இயங்குகிறது. ஆகவே உங்கள் கண்ணுக்கு வருத்தம் தெரியும்போது அது தொடங்கிப் பல கிழமைகள் ஆகியிருக்கலாம்.

அதனால் நோய்களின் பெயரைப் பாடமாக்குவதை விட உங்கள் ஆமையின் வழமையைத் தெரிந்து வைத்திருப்பதுதான் உதவும். காலையில் எத்தனை மணிக்கு வெளியே வருகிறது, எந்த இடத்தில் வெயில் காய்கிறது, செவ்வரத்தம் பூவைக் கண்டால் எவ்வளவு வேகமாக வருகிறது, தூக்கினால் கால்களை எவ்வளவு பலமாக உதைக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழமை மாறியது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி தராசு. சமையலறைத் தராசு போதும். மாதத்தில் ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன், ஒரே நேரத்தில் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். 800 கிராம் இருந்த ஆமை அடுத்த மாதம் 720க்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அது ஓடியாடித் திரிந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஓடு சுருங்காது. அதனால் உள்ளே மெலிவது கண்ணுக்குத் தெரியாது, கையில் தூக்கும்போது வெறுமையாக இருப்பதுதான் தெரியும்.

நாலு நாளாகச் சாப்பிடவில்லை. பயப்பட வேண்டுமா?

முதலில் காலநிலையைப் பாருங்கள். ஆமையின் உடல் சூடு வெளிச் சூட்டைப் பொறுத்தது, சமிபாடும் அப்படித்தான். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசி, வானம் மூடி, இரவு குளிர்ந்தால் பசி குறையும். சித்திரை, வைகாசி வெக்கையிலும் மத்தியானம் முழுக்கப் புதருக்குள் கிடந்துவிட்டு, விடியவும் பின்னேரமும் மட்டும் மேயும். கண் தெளிவாக, மூக்கு காய்ந்து, தூக்கினால் உதைத்தால் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

நட்சத்திர ஆமையோ எங்கள் வீட்டுத் தொட்டியில் வளரும் சிவப்புக்காது ஆமையோ குளிர்காலத் தூக்கம் போட வேண்டியதில்லை. இணையத்தில் ஐரோப்பிய ஆமைகளைப் பற்றி வாசித்துவிட்டு, "தூங்குகிறது, விடுவோம்" என்று பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். இங்கே ஒரு கிழமைக்கு மேல் சாப்பிடாமல் ஒரே மூலையில் கிடந்தால் அது தூக்கமில்லை, வருத்தம். குட்டி என்றால் ஒரு கிழமை கூடப் பார்த்திருக்க வேண்டாம், இரண்டு மூன்று நாளே கூடுதல்.

கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டது. தூசி விழுந்திருக்குமா?

ஒரு கண் மட்டும் என்றால் தூசியோ காயமோ இருக்கலாம். தொட்டி ஆமைக்கு இரண்டு கண்ணும் ஒன்றாக வீங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விற்றமின் ஏ குறைபாடு. காய்ந்த கூனி இறாலையும் சோற்றையும் மட்டும் போட்டு வளர்த்த சிவப்புக்காது ஆமைக்கு இது வருவது சர்வ சாதாரணம். கண் தெரியாததால் சாப்பிடாது. சாப்பிடாததால் கண் இன்னும் மோசமாகும்.

அழுக்குத் தண்ணீரும் இதற்கு ஒரு காரணம். தண்ணீரை மாற்றுங்கள். பூசணி, கரட், கரும்பச்சை இலைகள் கொடுங்கள். ஆனால் கண் மூடிய ஆமை தானாகச் சாப்பிட்டுக் குணமாகும் என்று காத்திருக்க முடியாது, வைத்தியர் வேண்டும். விற்றமின் ஏ ஊசியும் அளவு கூடினால் தோலை உரித்துவிடும் என்பதால், மருந்துக் கடையில் குளிசை வாங்கி நீங்களாகவே கொடுக்காதீர்கள்.

மூக்கில் குமிழி வருகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. தடிமனா?

நீங்கள் தடிமன் என்று நினைப்பது அனேகமாகச் சுவாசத் தொற்று. ஆமைகளில் இதை நான் எல்லாவற்றையும் விட முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். ஆமைக்கு எங்களைப் போல உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) இல்லை. சளியை இருமி வெளியேற்ற அதனால் முடியாது. நெஞ்சில் சேர்ந்தது அங்கேயே தங்கி நியூமோனியாவாகிவிடும்.

கிட்டப் போய்ப் பாருங்கள். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் காய்ந்த வெள்ளைக் கோடு இருக்கிறதா? முன்கால்களின் உள்பக்கம் பிசுபிசுப்பாக இருக்கிறதா? மூக்கை அங்கே துடைத்திருக்கும். மூச்சு எடுக்கும்போது கழுத்தை மேலே நீட்டித் தலையை ஆட்டுகிறதா? காதைக் கிட்ட வைத்தால் சிறு விசில் சத்தம் கேட்கிறதா? தொட்டி ஆமை ஒரு பக்கம் சரிந்து மிதந்தால், அல்லது தண்ணீருக்குள் அமிழ முடியாமல் தத்தளித்தால், ஒரு பக்க நுரையீரலில் தொற்று இருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர நிலத்தில் இரவு முழுக்கக் கிடந்த நிலத்து ஆமைக்கு இது கெதியில் வரும். உடனே காய்ந்த, சூடான இடத்துக்கு மாற்றுங்கள். பகலில் 30 பாகை செல்சியஸ் அளவும் இரவில் 25க்குக் குறையாமலும் இருக்கட்டும். அதே நாளில் வைத்தியரிடம் கொண்டு போங்கள். ஆவி பிடிப்பது, விக்ஸ் பூசுவது, வேப்பெண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம்.

ஓடு மெத்தென்று அமுங்குகிறது. வளர வளரச் சரியாகிவிடுமா?

முட்டையிலிருந்து வந்து சில மாதமான குட்டியின் ஓடு சற்று நெகிழ்வாக இருப்பது இயல்பு. அதைவிட வளர்ந்த ஆமையின் ஓட்டைக் கட்டைவிரலால் மெல்ல அமர்த்தும்போது அமுங்கினால் எலும்பில் கல்சியம் இல்லை என்று அர்த்தம். கீழ் அலகு வளைவதும், பின்கால்களை இழுத்து நடப்பதும், வயிறு தரையில் உரசுவதும் இதே கோளாறுதான். தானாகச் சரியாகாது.

காரணம் இரண்டு: சாப்பாட்டில் கல்சியம் குறைவு, உடம்பில் வெயில் படாமை. தோலில் புறஊதாக் கதிர் பட்டால்தான் விற்றமின் டி உண்டாகும், அது இருந்தால்தான் சாப்பிட்ட கல்சியம் எலும்புக்குப் போகும். யன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் இல்லை. விறாந்தையில் கண்ணாடித் தொட்டியை வெளிச்சத்துக்கு வைத்துவிட்டு "வெயில் படுகிறது" என்று திருப்திப்படாதீர்கள். அந்தத் தொட்டி வெயிலில் சூடேறி ஆமையை அவித்தும்விடும். காலை வெயிலில், பாதி இடம் நிழலாக, திறந்த வெளியில் விடுங்கள். யாழ்ப்பாணத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லாதபோது மின்குமிழுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

கல்சியத்துக்கும் தூரம் போக வேண்டாம். மீன் சந்தையில் கணவாய் வெட்டுபவரிடம் ஓட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்புப் போக்கி, அவித்துக் காயவைத்துப் போடுங்கள். ஆமை தானே சுரண்டித் தின்னும், அலகும் தேயும். நிலத்து ஆமைக்கு அறுகம்புல், முள் நீக்கிய நாகதாளி, செவ்வரத்தை இலை, கொஞ்சம் முருங்கை இலை நல்லது. சோறு, பாண், பிஸ்கற், நாய்ச் சாப்பாடு கூடாது. வாழைப்பழம் எப்போதாவது ஒரு துண்டு.

ஓடு அமுங்காமல் மேடு மேடாக வளர்ந்திருந்தால் அது வேறு விஷயம். நட்சத்திர ஆமைக்கு ஓரளவு மேடு இயல்பிலேயே உண்டு. குட்டிக் காலத்தில் ஈரப்பதன் இல்லாமல் வளர்ந்தால் மேடு கூடும். வந்த மேடு மறையாது. இனி வளரும் பகுதியைத்தான் ஒழுங்காக்கலாம்.

ஓட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பங்கசா?

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருகிறது. கேத்தல் அடியில் படியும் அதே சுண்ணாம்பு தொட்டி ஆமையின் ஓட்டிலும் படியும். நனைத்தால் மறைந்து, காய்ந்தால் திரும்பத் தெரிந்தால் அது தண்ணீர்க் கறைதான். மெல்லிய பற்தூரிகையால் தேய்த்தால் போதும். சிவப்புக்காது ஆமை வளரும்போது ஓட்டின் மேல் தகடுகள் மெல்லியதாக, கண்ணாடித் தாள் கனத்தில் உரிவதும் இயல்பு. நிலத்து ஆமைக்கு அப்படி உரியக் கூடாது.

நூல் நூலாக வளர்ந்திருந்தால், நகத்தால் தொட்ட இடம் குழிந்தால், தகட்டின் கீழே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், முக்கியமாகக் கெட்ட மணம் வந்தால், அது ஓட்டு அழுகல். மணந்து பாருங்கள். நல்ல ஓட்டுக்குக் கெட்ட மணம் இருக்காது. காய்ந்த இடத்தில் வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். டெற்றோல் ஊற்றாதீர்கள். தேங்காயெண்ணெய் பூசி மினுக்குவதும் கூடாது, அழுக்கும் பற்றீரியாவும் அதன் கீழே தங்கிவிடும்.

நாய் கடித்து ஓடு வெடித்துவிட்டது. ஓடுதானே, தானாக ஒட்டாதா?

ஓடு வெறும் மூடி இல்லை. முதுகெலும்பும் விலா எலும்பும் அதோடு இணைந்திருக்கின்றன, இரத்தம் ஓடுகிறது, நோகும். கயிறு கட்டுவதற்கு ஓட்டில் துளை போடுவது எலும்பில் துளை போடுவதுதான். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பெயின்ற் அடிப்பதும் அப்படியே.

கடிபட்டால் உப்புக் கலந்த ஆறிய கொதிநீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே கொண்டு போங்கள். வெளிக்காயம் சின்னதாக இருந்தாலும் நாயின் பல் உள்ளே விட்ட கிருமி பெரியது. இலையான் மொய்த்தால் ஒரு நாளில் புழு வைத்துவிடும், அதனால் வீட்டுக்குள் வைத்திருங்கள். சுப்பர் குளூ போட்டு வெடிப்பை ஒட்டினால் கிருமியை உள்ளே பூட்டி வைத்ததாக முடியும்.

கொல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிச்சாலையில் இருந்த அத்வைதா என்ற பெரிய ஆமை 2006 மார்ச்சில் இறந்தது. அதன் வயது 250 என்று சொல்லப்பட்டது, உறுதிப்படுத்தப்படவில்லை. கடைசி மாதங்களில் அதன் ஓட்டில் வெடிப்பு விழுந்து கீழே புண் உண்டாகியிருந்தது. அவ்வளவு காலம் தாக்குப்பிடித்த பிராணியும் ஓட்டுக் காயத்தால் வருந்தியது.

சிறுநீரோடு வெள்ளையாக ஏதோ வருகிறதே?

பற்பசை மாதிரி மெத்தென்று வந்தால் ஒன்றுமில்லை. அது யூரிக் அமிலம், ஆமை தண்ணீரை மிச்சம் பிடிக்கும் வழி. மணல் மணலாக, கட்டியாக வந்தால் தண்ணீர் போதாது, சிறுநீர்ப்பையில் கல் விழத் தொடங்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரைப் பேசினில் தாடை உயரத்துக்கு மேல் போகாமல் விட்டு, 15 முதல் 20 நிமிடம் நிலத்து ஆமையை நிற்க விடுங்கள். சோளகக் காற்று மண்ணை உலர்த்தும் மாதங்களில் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் செய்யலாம்.

குளிப்பாட்டும்போது வாலடியில் கறுப்பாக, பெரிதாக ஒன்று வெளியே வந்தது. குடலா?

ஆண் ஆமை என்றால் அது அதன் ஆணுறுப்பு. பார்த்துப் பயந்து போகாதவர்கள் இல்லை. சில நிமிடத்தில் உள்ளே போய்விட்டால் விட்டுவிடுங்கள். போகாவிட்டால், அல்லது சிவப்பாக இரத்தத்தோடு இருந்தால், ஈரத் துணியால் மூடிக் காயவிடாமல் உடனே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். பலவந்தமாகத் தள்ளாதீர்கள்.

பெண் ஆமை சாப்பிடாமல் பின்காலால் மண்ணைக் கிண்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் ஆண் ஆமை இல்லையே?

சோடி இல்லாமலும் முட்டை இடும், கோழியைப் போலத்தான். கிண்டுவதற்கு ஈரமான, ஒரு சாண் ஆழத்துக்கு மெதுவான மண் கொடுங்கள். சீமெந்து முற்றத்திலும் கண்ணாடித் தொட்டியிலும் இடம் கிடைக்காமல் முட்டையை அடக்கிக்கொண்டே இருக்கும் ஆமைகள் இறந்துபோகின்றன. பல நாள் கிண்டியும் இடாமல் சோர்ந்தால், பின்கால் தளர்ந்தால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டுக்கும் நாய்க்கும் போடும் பூச்சி மருந்தைக் கொடுக்கலாமா?

ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு. மாட்டுக்கும் நாய்க்கும் சாதாரணமாகப் போடும் மருந்து, ஆமையை முடக்கிக் கொன்றுவிடும். ஆமை வைத்தியத்தில் அதிகம் பழக்கமில்லாத வைத்தியரிடம் போனால் நீங்களே பணிவாகக் கேளுங்கள்: "டொக்டர், இதில் ஐவர்மெக்டின் இல்லைத்தானே?" கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பனடோலும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

ஓட்டில் உள்ள வளையங்களை எண்ணினால் வயது தெரியுமா?

தெரியாது. வளையம் என்பது வளர்ச்சி கூடிக் குறைந்ததன் அடையாளம். நல்ல மழைக்கு ஒன்று, நல்ல சாப்பாட்டுக்கு ஒன்று என ஒரே வருடத்தில் இரண்டு மூன்று விழலாம். கிழட்டு ஆமைக்கு மண்ணிலும் வேலியிலும் உரசி எல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். எண்ணிப் பார்த்தால் அதுதான் இளசு என்று வரும்! வாங்கிய வருடமும் அப்போதைய அளவும் தெரிந்தால் அதுவே நம்பகமான கணக்கு. நன்றாகக் கவனித்தால் சிவப்புக்காது ஆமை 20 முதல் 40 வருடம் இருக்கும். நட்சத்திர ஆமை 30ஐத் தாண்டிப் பல வருடம் போகும்.

முதுமைக்கு என்ன அடையாளம்? வருத்தத்தையும் வயதையும் எப்படிப் பிரிப்பது?

வயது போன ஆமையின் ஓடு தேய்ந்து மங்கும். தோல் தடித்துத் தொங்கும். கால்கள் சற்று மெலியும். கண்மணியில் பால் நிறம் விழும். நடை குறையும், வெயிலில் கிடக்கும் நேரம் கூடும். அலகு கோணலாக வளரலாம். இவை எல்லாம் வருடக்கணக்கில், மெதுவாக வரும்.

பிரிக்கும் வழி அந்த வேகம்தான். போன மாதம் கேற் வரை நடந்த ஆமை இந்த மாதம் நடக்கவில்லை என்றால் அது வயதில்லை. மூக்கு ஒழுகல், கெட்ட மணம், வீக்கம், திடீர் எடைக் குறைவு ஒருபோதும் வயதின் கணக்கில் சேராது. "வயது போய்விட்டது, இனி என்ன செய்வது" என்று விட்ட ஆமைகளில் எத்தனையோ மருந்தால் பிழைத்திருக்கக் கூடியவை. இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சென் ஹெலினா தீவில் இருக்கும் ஜொனதன் என்ற ஆமை 1832 அளவில் பிறந்ததாகக் கணிக்கப்படுகிறது. 1882ல் சீசெல்சிலிருந்து கொண்டுவரப்பட்டபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்தது. பிற்காலத்தில் கண் தெரியாமலும் மணம் தெரியாமலும் போய், புல்லைத் தேடிக் கடிக்க முடியாமல் மெலிந்து, அலகும் மழுங்கியது. அதை முதுமை என்று விட்டுவிடாமல் மரக்கறியும் பழமும் கையால் ஊட்டத் தொடங்கினார்கள். அலகு திரும்பக் கூராகி, உடம்பும் தேறியது. கண் திரும்பவில்லை, ஆனால் மெலிவுக்குக் காரணம் சத்துக் குறைவாக இருந்தது.

அப்போ, வயதான ஆமைக்கு வீட்டில் என்ன மாற்றம் செய்யலாம்?

சாப்பாட்டை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சின்னதாக அரிந்து வையுங்கள். கண் மங்கினால் சிவப்பு, மஞ்சள் நிறப் பூக்களை மேலே வைத்தால் கண்டுபிடிக்கும். படிக்கட்டையும் கல்லையும் எடுத்துவிடுங்கள். கவிழ்ந்தால் இளசு நிமிரும், கிழடு நிமிராது, வெயிலில் கவிழ்ந்து கிடந்தால் ஒரு மத்தியானத்தில் உயிர் போய்விடும். தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறைத்து, ஏறி இருக்கும் கல்லைச் சரிவாக வையுங்கள். ஆண் சிவப்புக்காது ஆமையின் முன்கால் நகம் நீளமாக இருப்பது இயல்பு, அதை வெட்ட வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் தொடலாமா?

தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தமிடக் கூடாது. நல்ல ஆரோக்கியமான ஆமையின் உடம்பிலும் வயிற்றோட்டம் உண்டாக்கும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த குட்டி ஆமை விற்பதை 1975லேயே இதற்காகத் தடை செய்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தள்ளி நிற்பது நல்லது. ஆமைத் தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள்.

நட்சத்திர ஆமை வைத்திருப்பது குற்றமா?

ஆம். நட்சத்திர ஆமை, பாலாமை, குளத்தில் உள்ள கறுப்பு ஆமை மூன்றும் இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கடலாமைகளும் அப்படியே. நட்சத்திர ஆமையை 2019ல் வனவிலங்குகளின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் CITES உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலும் சேர்த்தார்கள். வன்னியில் ரோட்டோரம் கண்டதைப் பாவம் பார்த்துத் தூக்கி வந்திருந்தாலும் சட்டம் ஒன்றுதான். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படையுங்கள். நீங்களாகப் பற்றைக்குள் விட்டால் வீட்டில் தொற்றிய நோய் காட்டு ஆமைகளுக்கும் போகும்.

சிவப்புக்காது ஆமையையும் ஆரியகுளத்திலோ கோயில் கேணியிலோ விடக் கூடாது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. விட்ட இடத்தில் எங்கள் ஆமைகளின் வெயில் காயும் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும்.

யாரிடம் காட்டுவது? என்ன கொண்டு போவது?

பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தொடங்குங்கள். சிக்கலானது என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவ பீடத்தோடு கதைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். காற்றுத் துளை போட்ட பெட்டியில் துணி விரித்துக் கொண்டு போங்கள், தொட்டி ஆமை என்றாலும் தண்ணீர் வேண்டாம். எடைக் கொப்பி, புதிய மலம் கொஞ்சம், சாப்பாட்டின் பட்டியல், மூச்சு விடும் விதத்தைக் கைபேசியில் எடுத்த வீடியோ நான்கையும் கொண்டு போங்கள். அங்கே போனதும் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது அந்த வீடியோதான் வைத்தியருக்கு உதவும்.

அசையவே இல்லை. இறந்துவிட்டதா?

அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். குளிர்ந்த ஆமையின் இதயம் மிக மெதுவாக அடிக்கும், மூச்சும் நீண்ட இடைவெளியில்தான் வரும். சூடான நிழலில் வைத்து, கண்ணின் ஓரத்தை ஈரப் பஞ்சால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், வாலைக் கிள்ளிப் பாருங்கள். தண்ணீரில் மூழ்கியிருந்தால் தலையைக் கீழாகப் பிடித்து நீரை வடியவிட்டு வைத்தியரிடம் ஓடுங்கள். கண் உள்ளே குழிந்து, மணம் வரத் தொடங்கினால்தான் நிச்சயம்.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. நாங்களும் போகப் போகிறோம். தொட்டி ஆமையை என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி வராத மாதமில்லை. 40 வருடம் வாழக்கூடிய பிராணி பல வீட்டில் ஆட்களை விட நீண்ட காலம் இருந்துவிடுகிறது. பயணத்துக்கு முதல் நாள் பக்கத்து வீட்டில் தொட்டியோடு இறக்கிவிட்டுப் போகாதீர்கள். ஒரு மாதம் முன்பே எடுப்பவரைக் கூப்பிட்டு, தண்ணீர் மாற்றுவதையும் சாப்பாடு போடுவதையும் அவர் கையாலேயே செய்ய விடுங்கள். எடைக் கொப்பியையும் கொடுங்கள். அதன் முதல் பக்கத்தில் வாங்கிய வருடம், ஆணா பெண்ணா, முன்பு வந்த வருத்தம், கொடுத்த மருந்து, எந்தச் சாப்பாட்டுக்கு ஓடி வரும், எதைக் கண்டால் முகம் திருப்பும் என்று எழுதி வையுங்கள். உங்கள் வட்ஸ்அப் இலக்கத்தையும் கீழே போடுங்கள். புதிய இடத்தில் முதல் சில நாள் அது சாப்பிடாமல் மிரட்டும், அப்போது அவர் உங்களைத்தான் கேட்பார்.